வனவிலங்கு எதிர்ப்பட்டால் என்ன செய்வது: மூணாறு, மறையூர், தேக்கடி செல்வோருக்கான முழுமையான வழிகாட்டி

உடுமலையிலிருந்து மறையூர் வழியாக மூணாறுக்கும், கம்பத்திலிருந்து குமுளி ஏறித் தேக்கடிக்கும், பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகப் பரம்பிக்குளத்துக்கும் விடுமுறையில் செல்லும் குடும்பங்கள் விலங்குகளைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையோடுதான் புறப்படுகின்றன. பார்த்துவிட்டால் எப்படி நடந்துகொள்வது என்று யோசித்துவிட்டுப் புறப்படுபவர்கள் குறைவு. யாரைக் கேட்டாலும் "விலங்கைக் கண்டால் ஓடக் கூடாது" என்ற ஒரே அறிவுரைதான் கிடைக்கும். சிறுத்தைக்கும் புலிக்கும் அது சரி. ஆனால் யானை உங்களை நோக்கி உண்மையாகவே வரத் தொடங்கிய பிறகு அசையாமல் நின்றால் தப்ப வழியில்லை. கரடி உள்ள காட்டில் பேசிக்கொண்டு நடப்பது நல்லது. யானைக் கூட்டத்தின் அருகில் கூச்சலிடுவது கெடுதல். எனவே எந்த விலங்குக்கு எது பொருந்தும் என்பதைப் புறப்படுவதற்கு முன்பே தனித்தனியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த எல்லைப் பகுதியில் பயணி உண்மையில் எதிர்கொள்ளக்கூடிய விலங்குகளைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

முதல் படி: நாளையும் நேரத்தையும் முடிவு செய்தல்

இரவிகுளம் தேசியப் பூங்காவின் ராஜமலைப் பகுதி, வரையாடுகள் குட்டி போடும் காலம் என்பதால், பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பயணிகளுக்கு மூடப்படும். மூணாறுக்கு முன்பதிவு செய்துவிட்டு அங்கே போய் வாயிலில் ஏமாறுபவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள் என்பதால், விடுதிக்குப் பணம் கட்டும் முன் பூங்கா திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தேக்கடியை ஒட்டிய பெரியாறு, உடுமலை–மறையூர் சாலையில் உள்ள சின்னாறு ஆகிய காட்டுப் பகுதிகளில் கோடையில் நீர்நிலைகளை நாடி விலங்குகள் வெளியே வருவதால் அவற்றைக் காணும் வாய்ப்பு கூடுகிறது. சாலையில் எதிர்ப்படும் வாய்ப்பும் கூடவே வளர்கிறது. தென்மேற்குப் பருவமழையில் மூணாறு, தேக்கடிப் பக்கம் அட்டைக்கடி தவிர்க்க முடியாதது. மழை மறைவுப் பகுதியான சின்னாற்றில் அந்தத் தொல்லை குறைவு.

நாளைவிட நேரம் முக்கியம். யானை, காட்டுமாடு, கரடி, சிறுத்தை ஆகிய நான்குமே அதிகாலையிலும் அந்தி நேரத்திலும்தான் அதிகம் நடமாடும். ஆகவே காட்டுச் சாலையில் செல்ல வேண்டிய பகுதியைக் காலை நன்றாக விடிந்த பின் தொடங்கி, மாலை வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிடும்படி பயணத்தை அமைக்க வேண்டும். வால்பாறையிலிருந்து மலக்கப்பாறை வழியாக அதிரப்பள்ளி இறங்கும் சாலையில் இரவில் வாகனங்களை விடுவதில்லை. உடுமலை–மூணாறு சாலையிலும், ஒன்பதாறு செக்போஸ்ட்டில் தமிழ்நாட்டு வனத்துறையினரும் சின்னாறு செக்போஸ்ட்டில் கேரள வனத்துறையினரும் சொல்லும் நேரக் கட்டுப்பாட்டைக் கேட்டு நடக்க வேண்டும். செக்போஸ்ட்டில் வண்டி எண்ணைக் குறித்துக்கொள்வதைச் சடங்கு என்று நினைக்காமல், அந்த ஒரு நிமிடத்தில் "இன்று எந்த இடத்தில் ஆனை நிற்கிறது?" என்று கேளுங்கள். அங்கே இருக்கும் வாட்சருக்கு அன்று காலை முதல் கடந்த லாரிக்காரர்கள் சொன்ன செய்தி தெரிந்திருக்கும். எந்தக் கைபேசிச் செயலியிலும் அது கிடைக்காது. வழியின் பெரும்பகுதியில் சிக்னலும் கிடைக்காது.

இரண்டாம் படி: சாலையில் யானை நின்றால்

பயணிகளுக்கு யானை பெரும்பாலும் எதிர்ப்படுவது பூங்காவுக்குள் அல்ல, பூங்காவுக்குப் போகும் சாலையில்தான். கோடையில் சின்னாறு காட்டிலிருந்தும் ஆனைமலைக் காட்டிலிருந்தும் யானைகள் அமராவதி அணைக்கு இறங்கும்போது மூணாறு சாலையைக் கடந்தே ஆக வேண்டும்.

முன்னால் யானை தெரிந்தவுடன் வண்டியை நிறுத்துங்கள். குறைந்தது நூறு மீட்டர் இடைவெளி இருக்கட்டும். வளைவில் திடீரென்று அருகிலேயே கண்டால் அவசரப்படாமல் பின்னால் எடுத்து அந்த இடைவெளியை உண்டாக்குங்கள். எஞ்சினை அணைக்க வேண்டாம். ஹாரன் அடிப்பது, எஞ்சினை உறுமவிடுவது, ஹைபீம் போடுவது, ஃபிளாஷ் அடித்துப் படம் எடுப்பது ஆகிய எதுவும் கூடாது. முன்னால் நிற்கும் வண்டியை ஒட்டி நிறுத்தினால், அவர் பின்னால் எடுக்க வேண்டிய நேரத்தில் அவருக்கும் வழியிருக்காது, உங்களுக்கும் வழியிருக்காது. ஆகவே இடையில் ஒரு பஸ் நீளமாவது விடுங்கள். வண்டியை விட்டு இறங்குவதோ, கதவைத் திறந்து காலை வெளியே வைத்து வீடியோ எடுப்பதோ அறவே கூடாது.

கூட்டமாகக் கடக்கும்போது கடைசி யானை போய்விட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். குட்டியோடு பின்தங்கிய பிடி ஒன்று புதருக்குள் நிற்கக்கூடும். நடுவில் வண்டியை நுழைத்தால் குட்டியையும் தாயையும் பிரித்தவர்களாக ஆகிவிடுவீர்கள். சாலை காலியான பிறகும் ஐந்து நிமிடம் பொறுத்து, கிளை ஒடியும் ஓசை எந்தப் பக்கம் கேட்கிறது என்று கவனித்து, அதன் பிறகு மெதுவாகக் கடக்கலாம்.

பின்னால் எடுப்பது கோழைத்தனம் என்று நினைக்கும் ஓட்டுநர்கள் இருக்கிறார்கள். 2022 நவம்பரில் சாலக்குடி–வால்பாறைத் தடத்தில் கபாலி என்று அழைக்கப்படும் கொம்பன் தனியார் பஸ் ஒன்றை மறித்து முன்னேறி வந்தபோது, அதன் ஓட்டுநர் அந்தக் குறுகிய வளைவுச் சாலையில் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தூரத்துக்கு பஸ்ஸைப் பின்னோக்கியே ஓட்டிப் பயணிகளைக் காப்பாற்றினார். பல ஆண்டு மலை ஓட்டிய கை அது. உங்களால் நூறு மீட்டர்கூடப் பின்னால் ஓட்ட முடியாது என்றால், உள்ளூர் ஜீப்பில் போவதே மேல்.

இருசக்கர வாகனத்தில் செல்பவர்களுக்குக் கூரையும் இல்லை, கதவும் இல்லை. அவர்கள் யானையைக் கண்டதும் தொலைவிலேயே வண்டியைத் திருப்பி நிறுத்தி, பஸ்ஸோ லாரியோ வரும்வரை காத்திருந்து, அதன் பின்னால் போவதே வழி. மாலை நான்கு மணிக்கு மேல் பைக்கில் சின்னாறு காட்டைக் கடக்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

மூன்றாம் படி: காட்டுக்குள் நடக்கும்போது கவனிக்க வேண்டியவை

அனுமதி இல்லாமல் காட்டுக்குள் நடப்பது சட்டப்படி குற்றம். அனுமதியோடு செல்லும் நடைப்பயணத்தில் வனத்துறை அனுப்பும் வழிகாட்டி உடன் வருவார். சின்னாற்றில் அவர் பெரும்பாலும் அங்குள்ள குடிகளை (பழங்குடியினரின் சிற்றூர்களை)ச் சேர்ந்த முதுவராகவோ புலையராகவோ இருப்பார், பரம்பிக்குளத்தில் காடராகவோ மலசராகவோ இருப்பார். அவர் கையை உயர்த்தினால் அப்படியே நில்லுங்கள். ஏன் என்று உரக்கக் கேட்க வேண்டாம்.

அவர் எதைப் பார்த்து நிற்கிறார் என்பதை நீங்களும் கற்றுக்கொள்ளலாம். பாதையில் கிடக்கும் யானை லத்தி உலர்ந்து, நார் நாராக உதிர்ந்து, வெளுத்திருந்தால் பழையது. மேற்பரப்பு ஈரத்தில் மினுங்கி, பச்சை வாசம் வீசி, விரல் வைத்தால் உள்ளே சூடு தெரிந்தால் யானை பக்கத்தில்தான் இருக்கிறது. ஒடிந்த மூங்கிலின் முனையில் ஈரம் காயாமல் இருப்பதும், ஈச்சம் புதரில் பட்டை உரிந்த இடம் இன்னும் வெண்மையாக இருப்பதும் அதே செய்தியைத்தான் சொல்கின்றன. யானைக் கூட்டம் புதருக்குள் நிற்கும்போது தொலைவில் இடி உருள்வது போன்ற ஆழ்ந்த உறுமல் கேட்கும். பல பயணிகள் அதைப் புலி என்று எண்ணிப் பதறி, யானை இருக்கும் பக்கமாகவே ஓடுகிறார்கள்.

காற்றின் திசை அதைவிடப் பெரிய செய்தி. யானைக்குக் கண்பார்வை சுமார்தான். மோப்பமோ மிகக் கூர்மையானது. ஒரு பிடி மெல்லிய மண்ணை உதிர்த்துப் பார்த்து, காற்று உங்களிடமிருந்து யானையை நோக்கி வீசினால், நீங்கள் எவ்வளவு ஒளிந்தாலும் அதற்குத் தெரிந்துவிட்டது என்று கொள்ளுங்கள். வாசனைத் தைலம், சென்ட் பூசிக்கொண்டு காட்டுக்குப் போகாதீர்கள். மாம்பழம், பலாப்பழம், வாழைப்பழம், உப்பு, சாராயம் எதையும் பையில் வைத்துக்கொள்ளவும் கூடாது. உடை காக்கி, பச்சை, பழுப்பு நிறங்களில் இருக்கட்டும்.

பேசலாமா கூடாதா என்ற குழப்பத்துக்கு விடை எளிது. இயல்பான தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டு நடந்தால், நம் வருகையைத் தொலைவிலேயே அறிந்து பெரும்பாலான விலங்குகள் தாமாக விலகிவிடும். விலங்கு கண்ணில் பட்ட பிறகு கத்துவதும் கைதட்டுவதும்தான் ஆபத்து.

நான்காம் படி: யானை அருகில் வந்துவிட்டால்

யானை உங்களைக் கவனிக்கவில்லை என்றால், வந்த வழியே சத்தமின்றிப் பின்வாங்குங்கள். கவனித்துவிட்டது என்றால் அதன் உடலைப் பாருங்கள். காதுகள் சீராக விசிறிக்கொண்டும், வால் அங்குமிங்கும் ஆடிக்கொண்டும், துதிக்கை மேய்ச்சலில் இருந்தும் காணப்பட்டால் அது அமைதியாக இருக்கிறது. அப்போதும் நெருங்காமல் விலகிவிடுங்கள். காது விசிறல் நின்று விரிந்த நிலையில் உறைந்துவிட்டாலோ, தலை உயர்ந்தாலோ, வால் விறைத்தாலோ, முன்னங்காலால் மண்ணை எற்றினாலோ அது எச்சரிக்கை. ஆண் யானையின் கண்ணுக்கும் காதுக்கும் இடையே கன்னத்தில் கறுத்த ஈரக்கோடு வழிந்திருந்தால் மதம் கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த யானையிடம் மற்ற அடையாளங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம், உடனே அங்கிருந்து அகலுங்கள்.

பல நேரங்களில் யானை பிளிறிக்கொண்டு, காதை விரித்து, சில அடி வேகமாக வந்து நின்றுவிடும். அது மிரட்டல் ஓட்டம். அதைக் கண்டு அலறாமல், முகத்தை அதன் பக்கம் வைத்தபடியே பின்வாங்கி, பெரிய மரம், பாறை, பள்ளம் ஏதாவது இடையில் வரும்படி நகர வேண்டும். துதிக்கையை உள்ளே சுருட்டி, தலையைத் தாழ்த்தி, பெரும்பாலும் ஓசையின்றி வருவதுதான் உண்மைத் தாக்குதல். அப்போது ஓடத்தான் வேண்டும். யானை மணிக்குச் சுமார் 25 கிலோமீட்டர் வேகத்தில் வரக்கூடியது; கற்களும் வேர்களும் நிறைந்த காட்டுத் தரையில் நம்மால் அந்த வேகம் முடியாது. ஆகவே நேர்ப்பாதையில் ஓடி அதை முந்த நினைக்காமல், அதன் கண்ணிலிருந்து மறையும்படி பெரிய மரங்களுக்குப் பின்னால் திசை மாறி மாறிச் செல்ல வேண்டும். தோளில் உள்ள பையையோ துண்டையோ கீழே போட்டுவிட்டு ஓடினால், மனித வாடை வீசும் அந்தப் பொருளில் யானை சிறிது நேரம் நின்றுவிட வாய்ப்புண்டு. இறக்கத்தில் யானையால் ஓட முடியாது என்று சொல்லப்படுவதை நம்பாதீர்கள். செங்குத்தான மலைச்சரிவில் ஏறி இறங்கியே வாழும் விலங்கு அது.

பெயர் வைக்கப்பட்ட யானைகளைப் பற்றி ஒரு வார்த்தை. மூணாறில் கடைவீதி வரை வந்து போகும் படையப்பாவை வீட்டு யானைபோல் எண்ணிப் பின்னால் நடந்து செல்ஃபி எடுப்பவர்களைப் பார்க்க முடிகிறது. அதற்கும் மதக்காலம் உண்டு. சின்னக்கானலில் 2023 ஏப்ரல் 29 அன்று பிடிக்கப்பட்டுப் பெரியாறு காட்டில் விடப்பட்ட அரிக்கொம்பன், ஒரு மாதத்துக்குள் மலையிறங்கிக் கம்பம் நகரத் தெருக்களில் நடந்தது. விடுதி ஊருக்குள்தானே இருக்கிறது என்று இரவில் தேநீர்க்கடை தேடி நடந்து போகிறவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். தேயிலை எஸ்டேட்டை ஒட்டிய விடுதி என்றால், இருட்டிய பின் வளாகத்தை விட்டு வெளியே வராதீர்கள்.

ஐந்தாம் படி: காட்டுமாடு

வட்டவடை போகும் வழியில் பாம்பாடும்சோலை தேசியப் பூங்காவின் சாலையோரத்தில் காட்டுமாடு மேய்வதை எளிதில் காணலாம். வெள்ளைக் காலுறை மாட்டியதுபோன்ற கால்களும் பளபளக்கும் கறுப்பு உடலுமாகச் சாதுவாக நிற்பதால், பலரும் இதை வீட்டு மாட்டைப்போல நெருங்குகிறார்கள். முழு வளர்ச்சி அடைந்த காளை ஆயிரம் கிலோ வரை எடையுள்ளது. கூட்டத்தைவிடத் தனியாக நிற்கும் காளையிடம்தான் கூடுதல் எச்சரிக்கை தேவை. தலையைத் தாழ்த்தி, மூச்சைச் சீறலாக விட்டு, உடலைப் பக்கவாட்டில் திருப்பித் தன் உயரத்தைக் காட்டினால், நீங்கள் அதன் வழியில் நிற்கிறீர்கள் என்று பொருள். அது ஓடித் தப்பும் வழியை அடைக்காமல் ஒதுங்கி, பருத்த மரத்துக்குப் பின்னால் சென்றுவிடுங்கள். தேயிலைச் செடிகளுக்கு இடையேயுள்ள ஒற்றையடிப் பாதையில் இருபுறமும் விலக இடமில்லாததால், அங்கே காட்டுமாட்டைக் கண்டால் முன்னேறவே கூடாது.

ஆறாம் படி: கரடி, சிறுத்தை, புலி

கரடி வேண்டுமென்று மனிதரைத் தேடி வருவதில்லை. கரையான் புற்றுக்குள் மூக்கை நுழைத்து உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது அதற்கு நம் காலடி கேட்பதில்லை. கைக்கெட்டும் தூரத்தில் திடீரென்று நம்மைக் கண்டதும், பயத்தில் நகத்தால் முகத்தில் பாய்கிறது. அதனால்தான் புதர் அடர்ந்த பாதையில் பேசிக்கொண்டு நடக்க வேண்டும். புதிதாகத் தோண்டிய புற்றையோ, பலாப்பழம், நாவற்பழம் உதிர்ந்து கிடக்கும் மரத்தடியையோ கண்டால் வழிமாறிச் செல்லுங்கள். கரடி எதிரே நின்றால் ஓடாமல், மெதுவாகப் பின்வாங்குங்கள். மரத்தில் ஏறித் தப்ப முடியாது, அதுவும் ஏறும். மேலே விழுந்துவிட்டால், முகம் தரையில் படும்படி குப்புறப் படுத்து, இரு கைகளையும் கோத்துப் பிடரியை மூடிக்கொள்ளுங்கள். முதுகில் பை இருந்தால் கழற்ற வேண்டாம்.

சிறுத்தையும் புலியும் பயணியின் கண்ணில் படுவதே அரிது. பட்டால் குனியாமல், உட்காராமல், முதுகைக் காட்டாமல் நிமிர்ந்து நின்று, கைகளை உயர்த்தி உருவத்தைப் பெரிதாகக் காட்டி, பார்வையை எடுக்காமல் பின்வாங்க வேண்டும். உடன் குழந்தை இருந்தால் முதலில் தூக்கிக்கொள்ளுங்கள். குனிந்த உருவமும் சிறிய உருவமும் ஓடும் உருவமும் இரையாகத் தோன்றும் என்பதே இதற்குக் காரணம். தாக்க வந்தால், கரடிக்குச் செய்வதுபோல் படுத்துவிடக் கூடாது; உரக்கக் கத்தி, கையில் அகப்பட்டதைக் கொண்டு எதிர்த்துப் போராட வேண்டும். எஸ்டேட் பகுதிகளில் மாலைக்குப் பின் சிறுவர்களைத் தனியாக விடாதீர்கள்.

ஏழாம் படி: சிறியவை என்று அலட்சியப்படுத்துபவை

குரங்குதான் பயணிகளை அதிகம் தொல்லைப்படுத்தும் விலங்கு. அதற்குக் காரணமும் பயணிகளே. வண்டி நிறுத்தங்களில் பிஸ்கட் வீசிப் பழக்கியதால், பிளாஸ்டிக் கவரின் சரசரப்பு கேட்டாலே ஓடி வருகிறது. அதன் கண்ணை உற்றுப் பார்க்காதீர்கள், பல் தெரியச் சிரிக்காதீர்கள். இரண்டையும் அது சண்டைக்கு அழைப்பதாகவே எடுத்துக்கொள்ளும். பையைப் பற்றிவிட்டால் இழுபறி செய்யாமல் விட்டுவிடுங்கள். கடித்தாலோ பிராண்டினாலோ ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனையில் வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். சுற்றுலா முடிந்து ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாத ஒன்று இது.

ராஜமலையில் வரையாடுகள் நடைபாதை வரை வந்து நிற்கும். அவற்றைத் தொடுவதும், கொம்பைப் பிடித்துப் படம் எடுப்பதும், தின்பண்டம் கொடுப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வழக்குக்கு இடம் தரும்.

பாம்புக்கு வேண்டியது கணுக்காலை மூடும் காலணியும், இரவில் கையில் டார்ச் விளக்கும். பாம்பைக் கண்டால் நின்று, பின்வாங்கி, அது போகும் வரை விடுங்கள். கடித்துவிட்டால் கத்தியால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது மூன்றும் தீங்கு. மோதிரம், வளையல், காலணியைக் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ அசையாதபடி கட்டை வைத்துக் கட்டி, கடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, 108ஐ அழைத்தோ கிடைத்த வண்டியிலோ விஷமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நம் நாட்டில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கு உரியது. மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள குழிவிரியன்களுக்கு அது பயன்படாது. ஆயினும் எந்தப் பாம்பு என்று கண்டுபிடிப்பது மருத்துவர் வேலை. பாம்பைப் பிடிக்க முயன்று இரண்டாவது கடி வாங்க வேண்டாம்.

அட்டையைப் பிய்க்காமல் மூக்குப்பொடியை வைத்தால் விட்டுவிடும். இரத்தம் சற்று நேரம் கசிந்துகொண்டே இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை.

எட்டாம் படி: படகில்

தேக்கடிப் படகில் விலங்கு நம்மை நெருங்கப் போவதில்லை. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. 2009 செப்டம்பர் 30 அன்று பெரியாறு ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். கரையில் தெரிந்த விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கமாகத் திரண்டதும் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. ஆகவே உயிர்காப்பு உடையைக் கழற்றாமல், யானைக் கூட்டமே கரையில் நின்றாலும் இருக்கையை விட்டு எழாமல் பாருங்கள். முதல் படகில் செல்வது நல்லது. வெயில் ஏறிய பின் பெரும்பாலும் நீர்க்காகங்களைத்தான் பார்க்க முடியும்.

கடைசிப் படி: எதிர்ப்பட்ட பின்

தாக்குதலில் யாரேனும் காயமடைந்தால், முதலில் அந்த இடத்தை விட்டு அகன்று, பிறகு 112ஐயோ 108ஐயோ அழையுங்கள். சிக்னல் இல்லையென்றால் எதிரே வரும் முதல் பஸ்ஸை நிறுத்திச் செக்போஸ்ட்டுக்குச் செய்தி சொல்லி அனுப்புங்கள். இரு மாநில எல்லை என்பதால், இடத்தைச் சொல்லும்போது கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணையும், அருகிலுள்ள பாலத்தையோ குடியையோ சேர்த்துச் சொன்னால்தான் எந்தப் பக்கத்து வனச்சரகத்திலிருந்து வர வேண்டும் என்பது அவர்களுக்கு விளங்கும்.

ஒன்றும் நேராமல் யானையைக் கடந்து வந்திருந்தாலும், அது நிற்கும் இடத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டு ஊரைக் கூட்டாதீர்கள். எதிரே வரும் வண்டிக்கு விளக்கை ஒருமுறை தாழ்த்தி உயர்த்தி, நிறுத்தியவரிடம் எத்தனை வளைவுக்கு அப்பால், சாலையின் எந்தப் பக்கம், குட்டி உண்டா என்ற மூன்றை மட்டும் சொல்லுங்கள். அதையே அடுத்த செக்போஸ்ட்டில் இருக்கும் வாட்சரிடமும் சொல்லிவிட்டுச் செல்லுங்கள்.